காலன்குடை: வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். மடக்க முடியாத நீளக் குடை, எங்கள் பக்கம் காலன்குடை என்று சொல்வது. கருப்புத் துணி, 27 அங்குல நீளத்தில் எட்டு ஃபைபர் கம்பி, வளைந்த மரக் கைப்பிடி. பட்டன் கிடையாது, கையால் மேலே தள்ளித்தான் விரிக்க வேண்டும். நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில் 650 ரூபாய்க்கு எடுத்தேன். கம்பெனி பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே அமைப்பில் நிறையப் பேர் குடை போடுகிறார்கள், கம்பியையும் துணியையும் தனித்தனியாக வாங்கித் தைத்துப் பூட்டி விற்கிற சின்னக் கடைகளும் உண்டு. எதைத் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஆடிச் சாரல், ஐப்பசி அடைமழை, சித்திரை வெயில் எல்லாவற்றுக்கும் இதைப் பிடித்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் குடை வாங்குவது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். எங்களுக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரண்டு போகம் விளைவதும் அதனால்தான். நடுவில் இருக்கிற நாளெல்லாம் வெயில். அதிலும் ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் போனால் வெயிலும் மழையும் ஒரே நேரத்தில் இருக்கும். மேற்கே மலைமேல் மேகம் கட்டி நிற்கும், கணவாய்க் காற்று அங்கே விழ வேண்டிய துளிகளை அடித்துக்கொண்டு இங்கே வரும், கிழக்கே வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. அங்கே ஒரு குடை தாக்குப்பிடித்தால் வேறு எங்கேயும் தாக்குப்பிடிக்கும்.

இதற்கு முன்னால் கையில் இருந்தது மூன்று மடிப்புக் குடை. பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கியது, நல்ல பெயர் உள்ள கம்பெனிதான், பெயர் வேண்டாம். உள்பக்கம் வெள்ளிப் பூச்சு. ஒரு கோடை முடிவதற்குள் மடிப்பு விழுகிற இடங்களில் எல்லாம் பூச்சு உதிர்ந்து தலையிலும் தோளிலும் சாம்பல் நிறத்தில் துகள் துகளாக ஒட்ட ஆரம்பித்தது. அப்புறம் கம்பி. மடிப்புக் குடையில் ஒரு கம்பி என்பது பல துண்டு, துண்டுக்குத் துண்டு ஒரு மூட்டு, மூட்டில் சின்ன ஆணி. காற்று குடையைத் தூக்கும்போது அத்தனை பலமும் அந்த ஆணியில்தான் இறங்கும். ஒரு மூட்டு விட்டுப்போனால் அந்தப் பக்கத் துணி தொங்கிவிடும், தண்ணீர் நேரே கழுத்துக்குள் வரும். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால், "இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது, புதுசு எடுத்துக்கிடுங்க" என்றார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஒரு ஆணி போனதற்காக ஒரு குடையையே குப்பையில் போடுவதா?

காலன்குடையில் கம்பி ஒரே நீளம். உச்சியில் ஒரு மூட்டு, நடுவில் தாங்குகம்பி வந்து சேர்கிற இடத்தில் ஒரு மூட்டு, அவ்வளவுதான். பழைய காலன்குடைகளில் கம்பி இரும்பு. வளைந்தால் வளைந்ததுதான், கையால் நிமிர்த்தினாலும் அந்த இடம் பலம் இழந்து அடுத்த காற்றில் ஒடியும், போதாததற்குத் துருவும் பிடித்துத் துணியில் செங்கறை விழும். ஃபைபர் கம்பி வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்கிறது. ஆரல்வாய்மொழி பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பக்கவாட்டில் வந்த ஒரு காற்று குடையை அப்படியே மேல்நோக்கிப் புரட்டிவிட்டது. மடிப்புக் குடையாக இருந்தால் அத்தோடு அதன் கதை முடிந்திருக்கும். இதை விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தேன், எட்டுக் கம்பியும் பழைய இடத்துக்கு வந்தன, ஒரு தையல்கூட விடவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "மக்ளே, காத்துக்கு முதுகைக் காட்டாதே, குடையை அதுக்கு மூஞ்சிக்கு நேரே பிடி" என்றார். சரியான யோசனை. காற்று வருகிற திசைக்குக் குடையின் உச்சியைக் காட்டினால் அது வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, உள்ளே புகுந்தால்தான் புரட்டும். நீளத் தண்டு இருப்பதால் இரண்டு கையாலும் பிடித்து இப்படிச் சாய்க்க முடிகிறது, மடிப்புக் குடையில் அதற்கு இடமே இல்லை.

துணியைப் பற்றி. கடையில் குடையை முழுக்க விரித்து, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே விரலால் சுண்டிப் பாருங்கள். விறைப்பாக இழுத்துத் தைத்திருந்தால் 'டப்' என்று சத்தம் வரும், தொளதொளவென்று இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். விறைப்பான துணியில் துளி விழுந்த வேகத்தில் உருண்டு ஓடிவிடுகிறது. தொங்கல் துணியில் தேங்கி, தையல் வழியாக உள்ளே கசிகிறது. அடுத்து, குடையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பாருங்கள், உச்சியில் எட்டுத் துண்டும் சேருகிற இடத்தில் ஊசித் துளை ஊசித் துளையாக வெளிச்சம் தெரிந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நான் இப்படி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடை அண்ணாச்சி ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை, அவரே உள்ளே போய் இன்னும் இரண்டு கட்டு எடுத்துவந்து பிரித்துப் போட்டார். ஐப்பசி அடைமழையில் மெல்லிய துணிக் குடைக்குள் நிற்பவர்கள் முகத்தில் பொடிப்பொடியாகத் தூவானம் தெறிக்கும், பார்த்திருப்பீர்கள். இதில் அது இல்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன், வெயில் மழை.

தோவாளைப் பூச்சந்தைக்கு ஆடியில் காலையில் போய்ப் பாருங்கள். பிச்சியும் அரளியும் சம்பங்கியும் குவிந்து கிடக்கும், மூட்டையைப் பிரிக்கும்போதே மலைப் பக்கத்திலிருந்து தூற்றல் சாய்வாக வந்து விழும், அதே நேரத்தில் கிழக்கிலிருந்து வெயில் வந்து ஒவ்வொரு துளியையும் பளபளவென்று காட்டும். அப்போது யாராவது ஒருத்தர், பெரும்பாலும் ஒரு அக்கா, "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். நம் ஊரில் இது தெரியாமல் வளர்ந்த பிள்ளை இருக்குமா என்ன? மலையாளத்தில் காக்கா கிடையாது, நரிக்கு மட்டும்தான் கல்யாணம். தெலுங்கில் நாய்களுக்கும் நரிகளுக்கும். இலங்கையில் சிங்களவர்களும் நரி கல்யாணம் என்றுதான் சொல்கிறார்கள், வங்காளத்திலும் நரி, ஜப்பானிலும் நரி. கொரியாவுக்குப் போனால் புலிக்குக் கல்யாணம், தென்னாப்பிரிக்க ஜூலு மக்களிடம் குரங்குகளுக்கு. பின்லாந்தைச் சேர்ந்த மாட்டி கூசி என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் உலகம் முழுக்க வெயில் மழைக்கு வழங்குகிற இந்த மாதிரித் தொடர்களைத் திரட்டி 1957இல் ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். எனக்கு அதில் வியப்பு என்னவென்றால், ஒருவருக்கு ஒருவர் அறிமுகமே இல்லாத இத்தனை ஊர்க்காரர்களும் இந்த மழையைப் பார்த்ததும் ஒரே மாதிரி, எங்கேயோ ஏதோ ஒரு பிராணிக்கு விசேஷம் என்று நினைத்திருக்கிறார்கள். சேரக் கூடாத இரண்டு சேர்ந்துவிட்டது என்ற சந்தோஷம் அதில் இருக்கிறது. காக்காவும் நரியும் வடை விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே, அவர்களுக்கே கல்யாணம் என்றால் பாருங்கள்.

இந்தக் கல்யாணத்தோடு கூடவே ஒரு தடையும் சில ஊர்களில் வருகிறது: பிள்ளைகள் வெளியே போகக் கூடாது. எங்கள் பாட்டி, வெயில் மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்பார். ஜப்பானில், நரிகள் தங்கள் கல்யாண ஊர்வலத்தை மனிதர் பார்ப்பதை விரும்பாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அகிரா குரோசாவாவின் 1990ஆம் வருடப் படமான 'கனவுகள்' இதை வைத்துத்தான் தொடங்குகிறது. அம்மா எச்சரித்தும் ஒரு சிறுவன் காட்டுக்குள் போய் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஊர்வலத்தைப் பார்த்துவிடுகிறான். வீட்டுக்குத் திரும்பினால் அம்மா உள்ளே விட மாட்டாள். வானவில்லுக்கு அடியில் இருக்கிற நரிகளிடம் போய் மன்னிப்புக் கேட்டு வா என்று அனுப்பிவிடுவாள், அவன் பூக்கள் நிறைந்த வெளியில் வானவில்லைப் பார்த்து நடப்பான். தோவாளைக்காரர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால் அந்தப் பூவும் வானவில்லும் அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

எங்கள் பாட்டி காய்ச்சல் வரும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள மாட்டார், தாத்தாவின் காலன்குடையை எடுத்து விரித்துக் கையில் கொடுத்து, "இதுக்குள்ள நின்னு பாருங்க மக்ளே" என்பார். முற்றத்தில் தம்பியும் நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அந்த ஒரு குடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்று, நரி எந்தப் பக்கம் வரும் என்று தேடியிருக்கிறோம். நான் இந்தக் குடையை வாங்கியதற்கு அதுதான் காரணம், அதனால்தான் மூன்று பேர் நிற்கிற மாதிரி அகலமானதாகப் பார்த்து எடுத்தேன். மடிப்புக் குடை வீடு போய்ச் சேருவதற்கு; இது வெளியே நின்று பார்ப்பதற்கு.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் வரும். காலையில் தோவாளையில் சூரியன் கிழக்கே, வானவில் மேற்கே மலைமேல். ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான். மழையைத் தடுக்கக் குடையை மேற்கே சாய்த்தால் அகலமான கருப்புத் துணி வானவில்லை முழுக்க மறைத்துவிடும்! தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் வில் தெரியும், முழங்காலுக்குக் கீழே நனையும், பரவாயில்லை. நேரம் கழித்துப் போனால் எதுவும் கிடைக்காது. சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்கிறவர் கண்ணுக்கு வானவில் தெரியாது. அதனால் பூ வாங்குகிற நேரமே வானவில் பார்க்கிற நேரமும்.

வெயிலுக்கு இந்தக் குடை எப்படி? நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள், சித்திரையில் நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றால் அது நன்றாகவே தெரியும். கருப்புத் துணி சூட்டை இழுக்கும் என்று பலர் வாங்கத் தயங்குகிறார்கள். இழுக்கும்தான், துணியின் மேல் கை வைத்தால் சுடுகிறது. ஆனால் அடர்த்தியான கருப்புத் துணி புற ஊதாக் கதிரை நன்றாகவே தடுக்கிறது, வெளிர் நிறத்தில் மெல்லிய துணி என்றால் வெளிச்சமும் கதிரும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். துணி தலைக்கு மிக அருகில் இருந்தால்தான் அந்தச் சூடு நம்மேல் இறங்கும். காலன்குடைக்குத் தண்டு நீளம், துணி தலைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கிறது, நடுவில் காற்று ஓடுகிறது. மடிப்புக் குடையில் துணி தலைமுடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, உள்பக்கம் வெள்ளிப் பூச்சு இருந்தால் தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் பட்டு எழும்புகிற வெளிச்சம் அந்தப் பூச்சில் பட்டு மறுபடி முகத்துக்கே வரும். உள்ளே கருப்பாக இருந்தால் அதை விழுங்கிக்கொள்ளும், கண் கூசுவதில்லை. வெளியே வெள்ளி, உள்ளே கருப்பு என்று ஒரு வகை வருகிறது, கோடைக்கு மட்டும் என்றால் அது இதைவிட நல்லது. எனக்கு இரண்டுக்கும் வேண்டும் என்பதால் இதையே வைத்துக்கொண்டேன்.

தாத்தாவின் குடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அதன் துணியில் உள்பக்கம், விளிம்பை ஒட்டி, வெள்ளை நூலால் அவர் பெயரின் முதல் எழுத்தைப் பாட்டி தைத்திருந்தார். கல்யாண வீட்டுத் திண்ணையில் பத்து இருபது கருப்புக் குடை ஒரே மாதிரி சாத்தியிருக்கும், மாறிப் போகாமல் இருக்க அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படித்தான் செய்தார்கள். மழையும் வெயிலும் இல்லாத நேரத்தில் அவர் குடையின் கொக்கியைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடப்பார். வடசேரிச் சந்தைக்குப் போனாலும் குடை, கோர்ட்டுக்குப் போனாலும் குடை, வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தாலும் குடை. சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை, எதற்காக எப்போதும் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "அவரு தாத்தா காலத்துல நம்மாளு குடை பிடிச்சுக்கிட்டு ரோட்டுல போக முடியுமா மக்ளே" என்றார்.

இது கதை இல்லை. எங்கள் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்தில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நாடார்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட மற்றச் சாதியினரும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது, பசுவில் பால் கறக்கக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமக்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்கே பல ஆண்டுகள் போராடி 1859இல்தான் அரசாங்கம் இறங்கி வந்து உத்தரவு போட்டது. மழை எல்லோர் மேலும்தான் பெய்கிறது, வெயில் எல்லோர் மேலும்தான் அடிக்கிறது, குடை மட்டும் சிலருக்கு. வயலில் நாள் முழுக்க நனைந்தவர்களும் காய்ந்தவர்களும் யாரோ, அவர்கள் கையில்தான் குடை இருக்கக் கூடாது என்றார்கள். சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் அதே காலத்தில் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வணங்கச் சொன்னதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால், தாத்தா காலரில் மாட்டிய குடையின் எடை புரிகிறது.

அதனால் "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்" என்ற பழமொழியை யாராவது என் எதிரே சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். குடை பிடிக்கத் தடை இருந்த ஊரில், தடை போன பிறகு ஒருவர் ராத்திரியிலும் குடை பிடித்தால் அதில் அற்பத்தனம் எங்கே இருக்கிறது? இதே தமிழில்தான் புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழனுக்கு நேரே, உன் குடை வெயில் மறைப்பதற்காகப் பிடித்தது இல்லை, வருந்துகிற குடிகளை மறைத்துக் காப்பதற்கு என்று சொல்லியிருக்கிறார். வரி பாக்கிக்காகப் பேச வந்த புலவர், குடையைக் காட்டியே வரித் தள்ளுபடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அந்தக் குடைதான் பிடிக்கும்.

மாமல்லபுரம் போகிறவர்கள் கிருஷ்ண மண்டபத்தில் நின்று பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் புடைப்புச் சிற்பம், அதைச் சுற்றித் தூண் வைத்த மண்டபம் விஜயநகர காலத்தில் கட்டியது. இந்திரன் மழையைக் கொட்ட, கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகத் தூக்கிப் பிடிக்கிற கதை. ஆனால் சிற்பத்தில் மழையே கிடையாது, ஒரு கோடுகூட இல்லை. மலைக்குக் கீழே ஒருத்தர் உட்கார்ந்து பசுவில் பால் கறக்கிறார், அந்தப் பசு குனிந்து கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் தலையில் பானைகளை அடுக்கி வைத்திருக்கிறாள். யாரும் மேலே பார்த்துப் பதறவில்லை. மேலே நிற்கிற கரடுமுரடான பாறைதான் மலை. நல்ல குடை என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பால் கறக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்ற பட்டியலைப் படித்துவிட்டு அந்தச் சிற்பத்துக்கு முன்னால் போய் நின்றால் மனசு வேறு மாதிரி ஆகிவிடும், எனக்கு ஆனது.

இதற்கு நேர் எதிராக ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் செய்த மரக்கட்டை அச்சு ஓவியம் ஒன்று இருக்கிறது, ஒரு மரப் பாலத்தின் மேல் திடீர் மழை. மழையை மெல்லிய கருங்கோடுகளாகப் படம் முழுக்க இழுத்திருப்பார், பாலத்தில் போகிறவர்கள் குடைக்குள் குறுகிக்கொண்டு ஓடுவார்கள், குடை இல்லாதவர் பாயைப் போர்த்திக்கொண்டு போவார். 30 வருடம் கழித்து வான்கோ இதை அப்படியே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பார்த்தார். நம் வயல்களில் நடவுக்காரப் பெண்கள் சாக்கின் ஒரு மூலையை உள்ளே குத்திக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பார்களே, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை இப்படி யாராவது வரைய வேண்டும்.

சரி, குறைகளுக்கு வருவோம். கூட்டமான பஸ்ஸில் இதை வைத்துக்கொள்ள இடமே இல்லை. கொக்கியை மேல் கம்பியில் மாட்டலாம், மாட்டினால் இறங்கும்போது மறந்துவிட வாய்ப்பு அதிகம். பைக்கில் போகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம், பின்னால் உட்கார்ந்தவர் ஓடுகிற வண்டியில் குடை விரிப்பது உயிருக்கு ஆபத்து, ரெயின்கோட் வாங்குங்கள். மூடிய குடையில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கடைக்குள்ளோ ஆஸ்பத்திரிக்குள்ளோ கொண்டுபோக முடியாது, வாசலில்தான் சாத்த வேண்டும், நல்ல குடை வாசலில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கம்பி ஃபைபராக இருந்தாலும் தண்டில் குடையைப் பிடித்து நிறுத்துகிற சின்ன ஸ்பிரிங் இரும்புதான், கடல் பக்கத்து ஊர்களில் அது துருப் பிடித்து இறுகிவிடுகிறது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போட்டால் சரியாகிவிடும். மரக் கைப்பிடியின் பாலீஷ் கை வியர்வையில் சீக்கிரம் போய்விட்டது, மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

நனைந்த குடையைச் சுருட்டிக் கட்டி மூலையில் வைக்காதீர்கள், துணியில் பூஞ்சை பிடித்துப் புள்ளி விழும், நாற்றமும் வரும். பாதி விரித்து நிழலில் காய வைத்தால் போதும். காய வைக்கிறேன் என்று மொட்டை மாடி வெயிலில் நாள்கணக்கில் போட்டால் துணி வெளுத்து நூல் இற்றுப்போகும்.

ரிப்பேர் விஷயத்தில்தான் இந்தக் குடை முழு மார்க் வாங்குகிறது. உச்சியில் கம்பிகளைக் கோத்துக் கட்டுகிற கம்பி இற்றுப்போனபோது, பஸ் நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற குடை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். செத்துப்போன குடைகளின் கம்பிகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார், எந்த நீளம் கேட்டாலும் எடுத்துத் தருகிறார். நான் நின்றுகொண்டிருக்கும்போதே பழைய கம்பியை வெட்டி எடுத்து, புதிதாகக் கோத்து முறுக்கி, துணியின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, நான் கவனிக்காத ஒரு தையலையும் இழுத்துப் போட்டுக் கொடுத்தார். 40 ரூபாய். மடிப்புக் குடையை நீட்டினால் அவர் பெரும்பாலும் வாங்க மாட்டார். மழைக்கு முன்னால், வைகாசியிலேயே அவரிடம் போய்விடுங்கள், ஆனி பிறந்துவிட்டால் கூட்டம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 27 அங்குலம் பெரிது, காற்றில் அவர்களையே இழுத்துக்கொண்டு போகும், 23 அங்குலம் எடுங்கள். தினமும் நடந்து பஸ் ஏறுகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், சாயங்காலம் நடக்கிற வயதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வயதானவர்களுக்கு ஊன்றிக்கொள்ளவும் ஆகும், நுனியில் ரப்பர் பூண் மாட்டித் தரச் சொல்லுங்கள், பத்து ரூபாய் கூடக் கேட்பார்கள். அம்மாவுக்கு ஒன்று 25 அங்குலத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த சரக்கு வந்ததும் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். பெயரெழுத்தை வெள்ளை நூலில் நானே தைத்துக் கொடுக்கப் போகிறேன்.